வடிவாய்ப் பார், பிறகு கீறு: பிள்ளைகளுக்கு உருவப்படம் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தேடின சாமான் கிடைக்கவில்லை என்று வந்து நின்றால் "வடிவாய்ப் பார்" என்று திருப்பி அனுப்புவோம். புதுச் சட்டை போட்டு வந்தால் "நல்ல வடிவாய் இருக்கிறாய்" என்போம். கவனத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல். உருவத்துக்கும் அதே சொல்தான். சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, உருவப்படம் என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றும். பிள்ளை பார்க்கப் பழகினால் உருவம் தாளில் வந்து சேரும். பார்க்காமல் அழகாக்கப் போகிற பிள்ளைக்குக் கலண்டர்ப் பொம்மையின் முகம்தான் வரும்.

இங்கே சொல்வது 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு. கிழமைக்கு ஒரு படி என்று போனால் இரண்டு மாதம் வரை எடுக்கும். சித்திர ஆசிரியர்தான் செய்யவேண்டும் என்றில்லை. தாய், தகப்பன், பெரியம்மா, அம்மம்மா, யாரும் ஒரு பிள்ளையோடு இருந்து செய்யலாம். உங்களுக்குக் கீறத் தெரியாதென்றால் இன்னும் நல்லது. பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்த மாட்டீர்கள்.

கீறுமுன் ஒரு நடை

முதல் நாள் பென்சிலை எடுக்கவேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். மாலை போட்ட அப்பப்பாவின் படம், கலியாணப் படம், அக்காவின் சாமத்திய வீட்டு அல்பம், அப்பாவின் அடையாள அட்டை, சாமி அறையில் முருகன். ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இது யார்? எப்படித் தெரியும்?" முருகனை வேலாலும் மயிலாலும் தெரியும். அப்பப்பாவை மூக்காலும் நெற்றியாலும் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பிறகு வெளியே போகலாம். யாழ்ப்பாணம் நல்லூரில் குதிரைமேல் வாளோடு இருக்கும் சங்கிலியன் அரசரின் சிலையடிக்கு நான் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், சங்கிலியனை நேரில கண்டவையே செய்தவை?" இல்லை. அரசர் வாழ்ந்து ஏறத்தாழ நானூறு வருடம் கழித்து, அவருடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் செய்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயத்தின் படத்தையும் காட்டுங்கள். ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும், மறுபக்கம் நிற்கும் ஓர் ஆள். சில கோடுகளும் புள்ளிகளும்தான். அரசர் என்று சொல்லும், எந்த அரசர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வரைவிலக்கணம் சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். ஒரு குறிப்பிட்ட ஆளை, அவர்தான் என்று அறியும்படி காட்டும் படம் உருவப்படம். கீறுகிறவரே அந்த ஆளாக இருந்தால் அது தன்னுருவப்படம். "அப்ப செல்ஃபியும் அதுதானே?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஆம், அதுவும் தன்னைக் காட்டுகிற படம்தான் என்று சொல்லுங்கள். ஒரு செல்ஃபிக்கு ஒரு நொடி போதும். கீறும்போது உன் முகத்தையே அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அதில்தான் வேறுபாடு.

என்ன வேண்டும்

2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று, ஏ4 தாள் ஒரு கட்டு, கடைசிப் படத்துக்குப் பிறிஸ்டல் போட் ஒன்று, பிள்ளைக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றித் தடித்த ரேப் ஒட்டுங்கள். ஈர்க்கு ஒரு பிடி. நிறங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

றப்பரை எடுத்து அலுமாரியில் வையுங்கள். பிள்ளைகள் முறைப்பாடு வைப்பார்கள். அப்போது அல்பிரெக்ட் டியூரரின் கதையைச் சொல்லுங்கள். ஜேர்மனியில் பிறந்த அந்த ஓவியர் 1484 இல், தமக்கு 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தம்மைக் கீறினார். அந்தத் தாள் இன்றும் வியன்னாவில் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கீறியது வெள்ளிக் கம்பி முனையால். பதப்படுத்திய தாளில் வெள்ளி விட்டுச் செல்லும் கோட்டை அழிக்க முடியாது. தரம் 8 படிக்கும் அண்ணாவின் வயதில் ஒரு பையன் அழிக்க வழியில்லாத கோட்டால் தன் முகத்தைக் கீறியிருக்கிறான் என்றால், எங்களுக்கு எதற்கு றப்பர்? பிழைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைக் கீறவேண்டியதுதான்.

முதலாம் படி: ஈர்க்கால் அளத்தல்

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் முதலில் ஒரு முகம் கீறச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலும் கண்கள் நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். வாய் நாடிக்கு மேலே எங்கோ மிதக்கும். தலைமுடி ஒரு மெல்லிய கோடாக இருக்கும். இது பிழையில்லை. எங்களுடைய கவனம் கண், மூக்கு, வாயில்தான் இருக்கிறது, மண்டையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அதனால் தாள் முழுவதையும் கண், மூக்கு, வாய் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் படத்தைத் திகதி போட்டு எடுத்து வையுங்கள்.

இப்போது இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே இருக்கட்டும். ஒரு ஈர்க்கை மற்றவரின் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து (கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாமல்) தலையுச்சியிலிருந்து கண் வரை உள்ள நீளத்துக்கு முறிக்கவேண்டும். முடியின் உயரத்தை விட்டு மண்டையின் உச்சியைக் கையால் தொட்டுப் பார்த்து அளப்பது முக்கியம். பிறகு அதே துண்டைக் கண்ணிலிருந்து நாடி வரை பிடித்துப் பார்க்கவேண்டும். ஏறத்தாழச் சரியாக வரும். "என்ரை கண் நடுவிலயோ?" என்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். நான் சொல்லியிருந்தால் மறந்துபோகும். ஈர்க்கு சொன்னதை மறக்கமாட்டார்கள்.

அதே முறையில் மீதியையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு கண்ணுக்கும் இடையில் இன்னொரு கண் வைக்கிற அளவு இடம் இருக்கும். கண்ணுக்கும் நாடிக்கும் நடுவளவில் மூக்கின் அடி முடியும். மூக்கடியிலிருந்து நாடிக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வாய்க்கோடு. காதின் மேல்நுனி புருவத்தின் மட்டத்திலும் கீழ்நுனி மூக்கடி மட்டத்திலும் நிற்கும். கூட்டத்தில் ஒரு மூன்று வயதுத் தம்பியோ தங்கச்சியோ இருந்தால் அவர்களையும் அளந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நெற்றி பெரிது, கண் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். தாத்தாவை அளந்தால் காது நீண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவுகளைச் சட்டமாக்கி, கட்டம் போட்டு, எல்லாப் பிள்ளைகளையும் அதற்குள் கீறவைக்காதீர்கள். அளவுகள் பொதுவான முகத்தைச் சொல்லும். இந்த ஆளின் முகம் அந்தப் பொது அளவிலிருந்து எங்கே விலகுகிறது என்பதில்தான் உருவப்படமே இருக்கிறது. 7 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அளப்பது விளையாட்டாக இருந்தால் போதும். மூன்று, நான்கு வயதில் தலையிலிருந்தே கால் முளைக்கும் ஆட்களைக் கீறுகிற பிள்ளை வளர்ச்சியில் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: கண்ணாடியில் சவர்க்காரம்

குளியலறைக் கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சவர்க்காரத் துண்டைக் கூராக்கிக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் வெளிக்கோட்டை அப்படியே சுற்றிக் கீறச் சொல்லுங்கள். தலை அசையக்கூடாது. கீறி முடிந்ததும் அந்த வட்டத்தை ஈர்க்கால் அளந்து, உண்மையான முகத்தோடு ஒப்பிடட்டும். சரி பாதிதான் இருக்கும். பின்னால் நகர்ந்து நின்று இன்னொருவரின் உதவியோடு கீறினாலும் பாதிதான். காரணம், கண்ணாடிக்குள் தெரியும் முகம் கண்ணாடிக்குப் பின்னால், நாங்கள் நிற்கும் அதே தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது. கண்ணாடி எங்கள் கண்ணுக்கும் அந்த முகத்துக்கும் சரி நடுவில் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்றையும் சொல்லலாம். கண்ணாடியில் வலம் இடம் மாறித் தெரியும். ஒல்லாந்து ஓவியர் வின்சென்ட் வான் கோ 1889 இல் காதுக்குக் கட்டுப் போட்டிருக்கும் தன்னுருவப்படம் ஒன்றை வரைந்தார். படத்தில் கட்டு வலக்காதில் இருப்பதுபோலத் தெரியும். காயம் பட்டது இடக்காதில். மாதிரிக்கு இருக்க ஆட்களை வைத்துக் காசு கொடுக்க வசதியில்லாததால் தம்மையே கண்ணாடியில் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர்.

மூன்றாம் படி: தாளைப் பாராமல் கீறுதல்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. பென்சிலைத் தாளில் வைத்தபின் முடியும் வரை தாளைப் பார்க்கக்கூடாது. எதிரில் இருப்பவரின் முகத்தின்மேல் கண் ஓர் எறும்பைப்போல ஊர்ந்து போகவேண்டும், கை அதே வேகத்தில் தாளில் ஊரவேண்டும். ஐந்து நிமிடம். காது ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் என்று படம் சிதறித்தான் வரும், விறாந்தை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். பிறகு அந்தக் கோடுகளைக் கிட்ட வைத்துப் பாருங்கள். காதுக்குள் இருக்கும் வளைவு, மேலுதட்டின் நடுப்பள்ளம், புருவத்தில் ஒரு தழும்பு, முன்னர் அவர்கள் ஒருநாளும் கீறாதவை எல்லாம் அதில் இருக்கும்.

9, 10 வயதில் பல பிள்ளைகள் "எனக்குக் கீற வராது" என்று கொப்பியை மூடிவிடுகிறார்கள். அந்த வயதில் கண் முந்திவிடும், கை பின்னால் வரும். தான் கீறியது அச்சாக வரவில்லை என்று அவர்களுக்கே தெரியத் தொடங்குகிறது. அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கிழமைதோறும் கொடுங்கள். அச்சாக வரவேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

நான்காம் படி: தன்னுருவப்படம்

கண்ணாடியைப் புத்தகங்களில் சாய்த்து முகத்துக்கு நேரே வையுங்கள். வெளிச்சம் யன்னல் பக்கமிருந்து ஒரு பக்கமாக விழவேண்டும். மேலே எரியும் மின்குமிழ் முகத்தைத் தட்டையாக்கும். காலை ஒன்பது மணி வெயில் எங்கள் விறாந்தையில் நன்றாக வேலை செய்கிறது.

மெல்லிய கோட்டால் முட்டை வடிவில் தலை, பிறகு கழுத்தும் தோளும். கழுத்தை ஈர்க்குப்போல் கீறும் பிள்ளையிடம் தன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளந்த இடங்களில் சின்ன அடையாளங்கள். பிறகு கண்ணிலிருந்து தொடங்கட்டும். கருவிழியை மேலிமை கொஞ்சம் மூடியிருக்கும். முழு வட்டமாகக் கீறினால் பயந்த பார்வை வரும். கண்ணில் வெளிச்சம் விழும் புள்ளியைத் தாள் வெள்ளையாக விடவேண்டும். மூக்குக்குக் கோடு போடாமல், நிழல் விழும் பக்கத்தை மட்டும் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் மூக்கு எழும்பி வரும். முடியை ஒவ்வொரு மயிராகக் கீறத் தொடங்கும் பிள்ளையை நிறுத்தி, எங்கே கறுப்பு, எங்கே எண்ணெய் மினுங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் நீங்கள் சொல்லக்கூடியது கேள்வி மட்டும்தான். "உன்ரை புருவம் இரண்டும் ஒரே மாதிரியோ?" "மேலுதடு கறுப்போ கீழுதடு கறுப்போ?" பிள்ளையின் தாளில் நீங்கள் ஒரு கோடும் போடவேண்டாம். நான் பழகின காலத்தில் என் படத்தில் ஒரு பெரியவர் கண் இரண்டையும் திருத்திக் கீறித் தந்தார். எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அந்தப் படம் என்னுடையது இல்லாமல் போய்விட்டது.

முகபாவத்துக்குத் தனியாக ஒருநாள் ஒதுக்கினால் நல்லது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1630 இல் கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்தும் கண்ணை விரித்தும் முகத்தைச் சுளித்தும் தம்மையே சின்னச் செதுக்கோவியங்களாக (செம்புத் தகட்டில் கீறித் தாளில் அச்செடுக்கும் படங்கள்) செய்து பழகினார். உங்கள் வகுப்பில் பரதம் படிக்கும் பிள்ளை இருந்தால் நவரசத்தை ஆடிக்காட்டச் சொல்லுங்கள், மற்றவர்கள் கீறட்டும்.

ஐந்தாம் படி: தோலின் நிறம்

இதை அவசரப்பட்டுக் கடக்கவேண்டாம். நிறப் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் 'தோல் நிறம்' என்பார்கள். கண்ணாடியில் தெரியும் முகம் ஒரு நிறம், தாளில் பூசுவது வேறு நிறம். "நான் கறுப்பு, அது வடிவில்லை" என்று எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அது அவள் தானாகக் கண்டுபிடித்த கருத்தில்லை. வீட்டிலும் வெளியிலும் நாங்கள் சொல்லிச் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை பிறந்த வீட்டில் முதல் விசாரணையே நிறம்தானே.

அதனால் நான் இப்போது நிறத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணிலிருந்து எடுக்கிறோம். தோட்டத்தில் ஒரு சிரட்டை மண் எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, பேணியில் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். கலங்கிய செந்தண்ணீரை மட்டும் வேறொரு பேணிக்கு மாற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டால் அடியில் வெண்ணெய்போன்ற சேறு இருக்கும். இரண்டு கரண்டிச் சேற்றுக்கு ஒரு கரண்டி பசை. ஊறவைத்துக் கரைத்த விளாம்பிசின் கிடைத்தால் அதுவே சிறந்தது, பழைய காலத்தில் நிறம் ஒட்டப் பயன்பட்டதும் அதுதான். இந்த மண்ணைச் சிவப்பாக்குவது அதிலுள்ள இரும்பு ஒக்சைட்டு. 5ஆம் நூற்றாண்டில் சிகிரியாப் பாறையில் பெண்களை வரைந்தவர்களும் மண்ணிலிருந்து எடுத்த சிவப்பையும் மஞ்சளையும்தான் பூசினார்கள்.

இனி வெண்கட்டித் தூள், அரைத்த அடுப்புக்கரி, கொஞ்சம் மஞ்சள் தூள். இந்த நான்கையும் சிரட்டையில் கலந்து, ஒரு துளியைத் தன் முழங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை தன் நிறத்தைத் தானே கண்டுபிடிக்கவேண்டும். (மஞ்சள் தூள் வெயிலில் மங்கிவிடும். சுவரில் கனகாலம் தொங்கப்போகிற படமானால் அதைக் குறையுங்கள்.) நிறம் சரியாக வந்ததும் அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். எங்கள் விறாந்தையில் இதுவரை பனங்கட்டி, வெறுந்தேத்தண்ணி, பால்தேத்தண்ணி, பழப்புளி, வறுத்த எள்ளு என்று பெயர்கள் வந்திருக்கின்றன. முன்பு மெதுவாகப் பேசின அந்தப் பிள்ளை பழப்புளியைத் தெரிந்தெடுத்து, சிரட்டையில் மிச்சமிருந்ததைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஆறாம் படி: முகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது

மெக்சிக்கோ ஓவியர் ஃபிரீடா காலோ 1925 இல் பஸ் விபத்தில் படுகாயமடைந்து கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்திக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத் தம்மை வரையத் தொடங்கினார். பிற்காலத்து அவருடைய தன்னுருவப்படங்களில் குரங்கும் கிளியும் இலைகளும் நாட்டு உடையும் கூடவே வரும். அதைக் காட்டிவிட்டு, "உன்னை அறியாத ஒராள் இந்தப் படத்தைப் பார்த்தால், உன்னைப் பற்றி என்ன தெரியவேண்டும்?" என்று கேளுங்கள். சைக்கிள், கிரிக்கெற் மட்டை, வீட்டு ஆடு, கிணற்றடி வாழை என்று தானாக வரும்.

ஏழாம் படி: இன்னொருவரை இருத்திக் கீறுதல்

கடைசியாக வைத்திருப்பதற்குக் காரணம், இது இரண்டு பேர் சேர்ந்து செய்வது. பிள்ளை முதலில் கேட்கவேண்டும்: "அம்மம்மா, உங்களைக் கீறட்டோ?" அவர் மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். ஓமென்றால் முதுகு சாய்க்கக்கூடிய கதிரை, யன்னல் வெளிச்சம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. அம்மம்மாமார் உடனே எழும்பிப் போய்ச் சேலை மாற்றித் தலை இழுக்கப் பார்ப்பார்கள். அதுவும் நல்லதுதான். உருவப்படத்துக்கு இருக்கிறவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் படத்தின் பங்கு. கீறிக்கொண்டே கதைக்கலாம். சுருக்கங்களைக் கீறலாமா என்று பிள்ளை தயங்கினால் அவரிடமே கேட்கட்டும். "எல்லாத்தையும் கீறு பிள்ளை, சும்மா வந்ததே" என்று ஒரு அம்மம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் மாமா, சித்தியைப் போனில் முகம் பார்த்தும் கீறலாம். ஆனால் அவர் போனை ஓரிடத்தில் சாத்தி வைத்துவிட்டுக் கதைக்கவேண்டும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். "உன் அப்பாவைக் கீறு", "வீட்டில் எல்லாரையும் கீறு" என்று வகுப்பில் பணிக்காதீர்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டில் யார் இல்லை, ஏன் இல்லை என்பது எல்லாம் எங்களுக்குத் தெரியாது. "உனக்கு விருப்பமான ஒராள்" என்று விட்டுவிடுங்கள். ஒரு பையன் தன் அப்பப்பாவைத் தெரிந்தெடுத்தான். அவர் இறந்துவிட்டார், படம் ஒன்றுகூட இல்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அல்பமும் போய்விட்டது. அப்பாச்சி பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவன் கீறினான். காது பெரிசு. மீசை இன்னும் கீழே வரும். சிரிக்கும்போது இடப்பக்கம்தான் முதலில் விரியும். நான்கு தாள் போனது. ஐந்தாவது தாளில் அப்பாச்சி திருத்தம் சொல்லுவதை நிறுத்திவிட்டு, அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சொல்லக் கேட்டுக் கீறுவதும் வடிவாய்ப் பார்ப்பதில் ஒரு வகைதான் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

படங்களைத் தொங்கவிடும் நாள்

புள்ளி போடவேண்டாம், முதலாம் இரண்டாம் இடம் வேண்டாம். விறாந்தையில் கொடி கட்டி உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுங்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரின் படத்துக்கு முன் நின்று "எனக்கு இதில் தெரிகிறது..." என்று தொடங்கி ஒரு வசனம் சொல்லட்டும். "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், எது என்று கேளுங்கள். முதல் நாள் எடுத்து வைத்த ஐந்து நிமிடப் படத்தையும் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

பிறகு தாள்களை மடிக்காமல் ஒரு கோவையில் போட்டு வைத்து, அடுத்த பிறந்தநாளுக்குப் பழையதைக் காட்டாமல் புதிதாக ஒன்று கீறவையுங்கள். டியூரர் தம் 13 வயதுப் படத்தை எறியவில்லை. வளர்ந்து பேர் பெற்றபின் அதே தாளின் மேல்மூலையில், 1484 இல் தாம் பிள்ளையாக இருக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் கீறியது இது என்று தம் கையாலேயே எழுதி வைத்தார். பிள்ளைகளிடமும் தாளின் மேல்மூலையில் நாலு விரல் இடம் வெறுமனே விடச் சொல்லுங்கள்.